கேட்டுவிட்டுக் கடை திற

சுரேஷ்,

இதைக் கடிதமாக எழுதுவதற்கு ஒரே காரணம்தான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். போன மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் குரலை நானே கேட்டேன். கோழி கத்துவது மாதிரி இருந்தது. நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னதையெல்லாம் நீ இத்தனை நாளும் அப்படித்தான் கேட்டிருக்கிறாய். அதனால் இந்த முறை தாளில் எழுதி, ஜைனம்பு அக்கா பேத்தியிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். நீ நாலாம் வகுப்போடு தமிழை விட்டவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். மெதுவாக வாசி, எனக்கு அவசரம் இல்லை. என் மருமகள் நந்தினியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவள் மாட்டுங்காவில் தமிழ் படித்து வளர்ந்த பிள்ளை, கடகடவென்று வாசித்துவிட்டு நல்ல வார்த்தைகளை மட்டும் உனக்கு எடுத்துச் சொல்வாள். இதில் திட்டும் இருக்கிறது. அதையும் நீயே வாசிக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் கடையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செம்பூரில், அந்தக் காலனி கேட்டுக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு போட்டு ஒரு இட்லிக் கடை. உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் என் முகம் தெரிகிற மாதிரி எவர்சில்வர். ஒரே நேரத்தில் எத்தனை தட்டு வேகும் என்று அந்த ஸ்டீமரைத் திறந்து காட்டினாயே, உங்கப்பா இருந்திருந்தால் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் என் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறாய். அதில் என் கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. வேறு போட்டோவா கிடைக்கவில்லை உனக்கு? இருந்தாலும் நந்தினி அந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த வீடியோவைக் காட்டினாய். கேமராவைப் பார்த்து, "ஜீரோவில் இருந்து தனி ஆளாக ஆரம்பித்தேன்" என்று சொல்கிறாய். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நீ படித்த படிப்பும், ஹோட்டல் கிச்சனில் நின்று நீ கற்றுக்கொண்டதும் உன்னுடைய உழைப்புதான், அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் ஜீரோ என்கிறாயே, அந்த ஜீரோவுக்குள் எத்தனை பேர் குனிந்து நின்று மாவாட்டினார்கள் என்று உனக்குத் தெரியுமா? அதைக் கேட்க நினைத்துத்தான் வேறொன்றைக் கேட்டேன்.

"மாரியப்பன் மாமாட்ட சொல்லிட்டியால?"

"எதுக்கும்மா? இது ரோடு. மார்க்கெட் எல்லாருக்கும் ஓபன். ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டுக்கிட்டு நின்னா பிசினஸ் பண்ண முடியாது" என்றாய். சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனிடம் இந்தியில் கத்தப் போய்விட்டாய். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கடை திறக்கிறாய். அதற்குள் நீ அவரைப் போய்ப் பார்த்தாக வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான். மற்ற புத்திமதியெல்லாம் எழுதும்போது வாயில் வந்தது.

மாரியப்பன் அண்ணாச்சியை உனக்குத் தெரியும். சைக்கிள் கேரியரில் இட்லி நிரப்பிய தேக்சா பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஆரனை அமுக்கியபடி அந்தக் காலனியில் காலையில் இட்லி விற்பவர். சின்ன வயதில் உன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துச் சுற்றியவர். ஆனால் அந்தக் காலனி அவருடைய லைன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. நீ படித்து ஆபீசுக்குப் போகப் போகிறாய், உனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். தாராவியில் இட்லி போடுகிற நம்மாட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு லைன் உண்டு. இந்தச் சந்து இவருக்கு, அந்த பில்டிங்குகள் அவருக்கு. எங்கும் எழுதி வைத்ததில்லை, யாரும் ரசீது கொடுத்ததில்லை. புதிதாக ஒருவர் ஒரு இடத்தில் இறங்க வேண்டுமென்றால், தன் கையால் அவித்த முதல் ஈட்டைச் சட்னியோடு எடுத்துக்கொண்டு, அங்கே ஏற்கெனவே விற்கிறவர் வீட்டுக்குப் போய், "சாப்ட்டுப் பாத்துச் சொல்லுங்க, இந்தப் பக்கம் எறங்கலாமா" என்று கேட்க வேண்டும். அவர் சாப்பிட்டுப் பார்ப்பார். சரி என்பார், இல்லையென்றால் வேறு இடம் காட்டிவிடுவார். இவ்வளவுதான் வழக்கம்.

எனக்கே அது தெரியாமல்தான் ஆரம்பித்தேன். உங்கப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவார், சாயங்காலம் அதே சட்டையோடு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்போது நீ பிறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் சமையல். வீட்டில் கிரைண்டர் கிடையாது, வைக்க இடமும் கிடையாது. பக்கத்துச் சந்தில் ஜைனம்பு அக்கா வீட்டில் தோல் பை தைக்கிற பட்டறை இருந்தது. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். அக்கா பழைய கிரைண்டர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, பட்டறையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தாள். "மாவுல தோல் வாடை புடிச்சா ஒரு பய வாங்க மாட்டான் புள்ள" என்று சொல்லி, அந்த மூலையில் அடுக்கியிருந்த தோலையெல்லாம் பரண் மேலே ஏற்றிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறித் தோலை எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். ஆனால் ஒரு நாளும் கீழே இறக்கி வைக்கவில்லை. உன் ஜீரோவில் முதல் ஆள் அவர்.

செம்பூர்க் காலனியில் நம்மாட்கள் அதிகம், இட்லி நன்றாகப் போகும் என்று யாரோ சொன்னார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்காமல் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து இன்னும் மூச்சுகூட வாங்கவில்லை, சைக்கிளில் ஒருவர் வந்தார். பின்னால் ஒரு தேக்சா கட்டியிருந்தது. என் தேக்சாவைத் திறந்து பார்த்தார், ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். "எல்லாத்தையும் குடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே மொத்தமும் விற்றுவிட்டது என்று உங்கப்பாவிடம் வந்து குதித்தேன். மறுநாளும் அவரே வந்தார், அதே மாதிரி மொத்தமும் வாங்கினார். இட்லி விற்கிற ஆள் எதற்கு இட்லி வாங்குகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். அவ்வளவு கெட்டிக்காரி உன் அம்மா. மூன்றாம் நாள் அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, இது என் லைனு. வாங்கி வாங்கி எங்க சால்ல உள்ள வீட்டுக்காரங்க எல்லாரும் மூணு வேளையும் உன் இட்லியத்தான் திங்கோம். இனிமே முடியாது தாயி."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டேன். நீ யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கோபப்படவில்லை. "ரோடு எல்லாருக்கும்தான். ஆனா இங்க உள்ளவங்க ஆரன் சத்தத்தக் கேட்டுதான் அடுப்பு பத்த வைக்காம இருக்காங்க. ஆபீஸ் போறவ, ஸ்கூல் போற புள்ள, எல்லாரும் நம்மள நம்பி இருக்காவ. நாளைக்கு உனக்குக் காச்சல், நீ வரல. நான் ஏற்கெனவே லைன விட்டுட்டுப் போயிட்டேன். அப்ப யாரு பதில் சொல்ல?" என்றார். லைன் என்றால் உரிமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் அதைப் பொறுப்பு என்று வைத்திருந்தார். அன்றைக்கே என் தேக்சாவையும் தன் கேரியரில் ஏற்றிக் கட்டி, சயான் பக்கம் அப்போதுதான் ஆள் குடிவந்துகொண்டிருந்த இரண்டு பில்டிங்குகளுக்கு அழைத்துக்கொண்டு போனார். வாட்ச்மேனிடம், "யே அப்னா பஹன் ஹை, ரோஜ் ஆயேகா" என்று, இது நம் தங்கச்சி, தினமும் வருவாள் என்பதைத் தன் ஓட்டை இந்தியில் சொன்னார். அந்த இந்தியைக் கேட்டு வாட்ச்மேன் சிரித்துவிட்டான். அதுதான் என் லைன். நீ அதில்தான் வளர்ந்தாய்.

ஒரு மழைக்காலத்தில் ஜைனம்பு அக்கா பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து கிரைண்டர் மோட்டார் போய்விட்டது. நான் ஊறப்போட்ட அரிசியைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அக்காதான் சந்து சந்தாக நடந்து, மிக்ஸி இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு பாத்திரம் அரிசி உளுந்து கொடுத்துவிட்டு வந்தாள். தமிழ், மராத்தி, உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் என்று பார்க்கவில்லை. சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாவு வந்தது. ஒன்று நைசாக, ஒன்று கொரகொரவென்று, ஒன்றில் யாரோ உப்பைப் போட்டே அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினேன். மறுநாள் இட்லி ஒரு ரகமாகவும் இல்லை. சாப்பிட்ட ஒருவரும் குறை சொல்லவில்லை, மழையில் வந்தேன் என்பதே போதுமாக இருந்தது. உன் கடையில் எல்லா இட்லியும் ஒரே எடை, ஒரே வட்டம் என்று காட்டினாய். நல்லதுதான். ஆனால் ஒரு நாள் எல்லாம் கெட்டுப்போகும். அன்றைக்கு யார் வீட்டு மிக்ஸி உனக்காக ஓடும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள். உதவி வாங்கினால் சின்னவனாகிவிடுவோம் என்று நினைக்காதே. வாங்கியதை வாங்கவில்லை என்று சொல்கிறபோதுதான் மனிதன் சின்னவனாகிறான்.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஏழாம் வகுப்பில் இருந்தாய். பெரியம்மா வீட்டில் ஓய்வெடுக்க ஊருக்குப் போய்விட்டேன். உங்கப்பாவுக்குச் சட்னி அரைக்க வரும், இட்லி அவிக்க வரும், ஆனால் நாலு பேர் முன்னால் நின்று விற்க வாய் வராது. என் லைன் போய்விடும் என்ற பயத்தோடுதான் ஊரில் படுத்திருந்தேன். மாரியப்பன் அண்ணாச்சி தன் லைனை இன்னும் சீக்கிரமே முடித்துவிட்டு, நேரே நம் வீட்டுக்கு வந்து உங்கப்பா அவித்த இட்லியையும் அரைத்த சட்னியையும் வாங்கிக்கொண்டு என் லைனுக்குப் போனார். தன் இட்லியை அங்கே ஒரு நாளும் விற்கவில்லை. தன் ருசிக்கு அவர்களைப் பழக்கிவிட்டால் நான் திரும்பி வரும்போது கஷ்டம் என்று நினைத்திருக்கிறார். நான் வந்து முதல் நாள் தேக்சாவைத் தூக்கியபோது கூடவே வந்து ஒவ்வொரு வீடாகச் சொன்னார்: "மூணாவது மாடி டீச்சருக்கு இப்பப் பல்லு கட்டியிருக்கு, வடை குடுக்காத. ரெண்டாவது மாடில புதுசா ஒரு மலையாளத்துப் புள்ள வந்திருக்கு, அதுக்குச் சட்னி கூட வேணும். சரி, நான் போயிட்டு வாரேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லக்கூட என்னை நிற்கவிடவில்லை. அன்றைக்கு அவர் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்று அழுதேன் சுரேஷ். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இருந்ததில்லை. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.

இதையெல்லாம் எழுதுவதால் நான் லைன் வழக்கத்தைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறேன் என்று நினைக்காதே. அதில் அநியாயமும் நடந்திருக்கிறது. லைனைத் தன் பாட்டன் சொத்து மாதிரி வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண்ணை எங்கேயும் இறங்கவிடாமல் அலைக்கழித்தார்கள், கடைசியில் அவள் டோம்பிவிலிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டாள். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போனில் ஆர்டர் போடுகிறவனுக்கு இது யார் லைன் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டான். நீ அங்கே திறக்காவிட்டால் வேறொருவன் திறப்பான், அவன் மாரியப்பன் யார் என்றுகூடக் கேட்க மாட்டான். எல்லாம் சரி. ஆனால் நீ வேறொருவன் இல்லையே.

அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நந்தினி போனில் கேட்டாள். நல்ல கேள்வி. முடியாது என்றாலும் கடையைத் திற. இத்தனை செலவும் உழைப்பும் போட்டுவிட்டுப் பூட்டச் சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து, அவர் வாயால் அதைக் கேட்டுவிட்டுத் திற. அவர் காலைச் சுற்று எப்போது முடிகிறது என்று விசாரி, அதற்குப் பிறகு உன் கதவைத் திறந்தால் போதுமா என்று பேசு. காலை அவருக்கு, மீதி நாள் உனக்கு. அப்படி ஒரு ஏற்பாடு முடியாதா என்ன? அவரை உன் கடையில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கலாம் என்றும் நந்தினி சொன்னாள். அவளுக்கு நல்ல மனது. ஆனால் அதை நீயாக அவரிடம் சொல்லிவிடாதே. அவராகக் கேட்டால் கொடு. வேலை கொடுக்கப் போகிறவன் மாதிரி போகாதே, கேட்கப் போகிறவன் மாதிரி போ. வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்து போ. அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடு.

இதோடு முடித்திருப்பேன். நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

நேற்றுக் காலை உன்னிடம் சொல்லாமல் செம்பூருக்குப் போனேன். நீ போக மாட்டாய், உனக்குப் பதில் நானே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். முதல் ஈட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி காலனி கேட்டில்தான் நின்றிருந்தார். ஆபீசுக்குக் கிளம்பிய ஒரு பெண் அவரிடம் இட்லி வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே உன் கடை, இன்னும் காகிதம் ஒட்டிய கண்ணாடியோடு. அவள் போகட்டும் என்று நான் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது. பொட்டலத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கட்டுகிறார். நீ பார்த்தாயா, தெரியாது.

"என்ன மாமா, எதிர்லயே பெரிசா இட்லிக் கடை வருதே. உங்களுக்குக் கஷ்டமாச்சே" என்றாள் அந்தப் பெண்.

"கஷ்டம் என்னம்மா, நம்ம பையன் கடைதான். வெள்ளிக்கெழம தொறக்கான். போயிச் சாப்ட்டுப் பாருங்க, அவங்கம்மா பக்குவம், நல்லா இருக்கும்."

"உங்களுக்குத் தெரிஞ்ச பையனா? அப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதானே வச்சிருக்கணும்?"

அவர் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "பின்ன? வீட்டுக்கு வந்து கேட்டுட்டுதான் வச்சான்" என்றார்.

என்னால் அவர் முன்னால் போய் நிற்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் தூக்குவாளி இட்லியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில் மாரியப்பன் அண்ணாச்சி பொய் சொல்லி நான் கேட்டது நேற்றுத்தான். வெள்ளிக்கிழமைக்குள் போய் அதை உண்மையாக்கிவிட்டு வா.

அம்மா